பின்கழுவலில் உரிந்துபோகும் ஹைட்ரோஜெல் படலம்: உதவி தேவை

வணக்கம். பாலிஈதர்சல்ஃபோன் அல்ட்ராஃபில்ட்ரேஷன் சவ்வின் (நுண்துளைகளால் நீரை வடிகட்டும் பிளாஸ்டிக் சவ்வு) மேல் பாலிஎதிலீன் கிளைக்கால் டையாக்ரிலேட் ஹைட்ரோஜெல் (தண்ணீரை உறிஞ்சி உப்பும் ஜெல்) பூசி, 365 நானோமீட்டர் யுவி விளக்கில் இறுக்குகிறேன். அழுக்கு ஒட்டாமலிருப்பதில் குறையே இல்லை. புரதக் கரைசலை ஓட்டியபின் வெறும் தண்ணீரில் அலசினாலே நீரோட்டம் ஏறக்குறைய முழுசாகத் திரும்பிவிடுகிறது.

சிக்கல் பின்கழுவலில்தான், அதாவது சவ்வைச் சுத்தப்படுத்த நீரை எதிர்த்திசையில் செலுத்தும்போது. மூன்றாவது முறையிலேயே ஓரத்தில் சின்னக் கொப்புளம் கிளம்புகிறது. நகம் பட்டால் பாலாடை மாதிரி அப்படியே உரிந்து வருகிறது. இரண்டு மாதமாக இதே நிலைதான்.

மோனோமரின் (ஜெல்லாக இணையும் மூலப்பொருள், இங்கே அந்த டையாக்ரிலேட்) அளவைக் கூட்டினேன். படலம் உறுதியானது, ஆனால் நீரோட்டம் பாதியாகிவிட்டது. ஜெல் இறுகுவதை ஆக்சிஜன் தடுக்கிறதோ என்று நைட்ரஜன் செலுத்தி இறுக்கியதில் மேற்பரப்புப் பிசுபிசுப்பு மட்டும் போனது. அப்புறம், பிஎச் 8.5 டோபமைன் (பரப்புகளில் பசைபோல் ஒட்டும் படலத்தை உண்டாக்கும் சேர்மம்) கரைசலில் சவ்வை ஓர் இரவு ஊறவைத்து அடிப்பூச்சு கொடுத்தேன். அதுதான் கொஞ்சம் பலன் தந்தது: எட்டு பின்கழுவல் வரை தாங்கியது. ஜெல் தண்ணீரில் உப்புகிறது, அடியிலிருக்கும் சவ்வு உப்புவதில்லை. அந்த இழுபறியில்தான் பிரிகிறது என்று நினைக்கிறேன்.

அடுத்து, சவ்வைப் பென்சோஃபீனோனில் (யுவி பட்டதும் வினையைத் தொடங்கிவைக்கும் சேர்மம்) ஊறவைத்து, யுவியில் ஜெல்லை நேரடியாக வேதிப்பிணைப்பில் கட்டலாம் என்றிருக்கிறேன். இதைச் செய்து பார்த்தவர்கள், சவ்வின் துளைகள் அடைபடாமல் எப்படிச் சமாளித்தீர்கள்?