கரி ஃபில்டர் போட்டும் டென்ட் மணம் மேல்மாடிக்கு ஏறுகிறது

கனகாம்பரம்

வணக்கம். இரண்டு கிழமையாக யோசித்துப் பார்த்தும் விடை தெரியாமல்தான் இங்கே எழுதுகிறேன்.

நாங்கள் ஸ்காபுரோவில் ஒரு செமி வீட்டில் இருக்கிறோம். இவருக்கு முதுகில் இரண்டு தரம் ஆபரேஷன் நடந்தது, இரவில் நித்திரை இல்லை. டாக்டரோடு கதைத்துவிட்டுத்தான் போன வருஷம் பேஸ்மென்டில் கஞ்சாச் செடி வைக்கத் தொடங்கினோம். நாலே நாலு செடி. ஒன்டாரியோவில் 2018 ஒக்டோபரிலிருந்து ஒரு வீட்டுக்கு 4 செடி சட்டப்படி வைக்கலாம், வீடும் எங்கள் சொந்த வீடு. ஆகவே யாருக்கும் ஒளிப்பதற்காகக் கேட்கவில்லை. மணத்தால் மற்றவர்களுக்குத் தொல்லை வரக் கூடாது, அவ்வளவுதான்.

செடிகள் நிற்பது ஸிப் வைத்து மூடுகிற துணி டென்டுக்குள். டென்ட் 2 அடிக்கு 4 அடி, உயரம் 6 அடி. ஃபேன் 4 அங்குலம், நிமிடத்துக்கு 200 கன அடி இழுக்கும் என்று பெட்டியில் போட்டிருந்தது. மணத்தைப் பிடிக்கிற கரி ஃபில்டரும் அதே 4 அங்குலம். அது நல்ல பாரம். டென்ட் கம்பியில் தொங்கவிடப் பயந்து வெளியே தரையில் வைத்திருக்கிறேன். ஃபேன் டென்டுக்குள் மேலே இருக்கிறது, அதிலிருந்து வெள்ளிக் குழாய் இறங்கி வந்து ஃபில்டரில் சேர்கிறது. செடிகளுக்கு மூச்சு முட்டக் கூடாதென்று கீழ்த் துவாரத்தில் இன்னொரு குட்டி ஃபேன் வைத்து வெளிக்காற்றை உள்ளே ஊதுகிறேன். அது வைத்ததிலிருந்து டென்ட் நாலு பக்கமும் பூரி மாதிரி உப்பிக்கொண்டு நிற்கிறது. பெரிய ஃபேனின் வேகம் 10-இல் 3. அதற்கு மேல் கூட்டினால் சத்தம்.

பூ வைக்கும் வரைக்கும் ஒரு பிரச்சினையும் இருக்கவில்லை. இப்போது பூ தொடங்கி ஆறாவது கிழமை. போன செவ்வாய்க்கிழமை அம்மா விளக்குக் கொளுத்தச் சாமியறைக்குப் போனவர், அப்படியே திரும்பி வந்து, "பிள்ளை, எங்கேயோ பூனை மூத்திரம் பெய்திருக்குது, தேடிப் பார்" என்றார். எங்கள் வீட்டில் பூனை இல்லை. சாமியறை இருப்பதோ மேல்மாடியில். குசினியில்கூட அவ்வளவு மணக்கவில்லை, இடையில் ஒரு தளத்தையே தாண்டி அந்தச் சின்ன அறைக்குள் எப்படிப் போனது?

இதைவிட மனதைப் போட்டு அறுக்கிற விஷயம் ஒன்று. சுவர் ஒட்டிய வீட்டில் எண்பது வயது தாண்டிய ஒரு அம்மா தனியாக இருக்கிறார். தன் டெக்குக்குக் கீழே ஸ்கங்க், அதுதான் நாற்றம் பீய்ச்சுகிற பிராணி, புகுந்துவிட்டதென்று நினைத்து, ஆளைக் கூப்பிட்டுக் காசு கொடுத்துத் தேட வைத்திருக்கிறார். கேள்விப்பட்ட அன்றே போய் உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அந்தக் காசையும் கொடுக்கப் பார்த்தேன், வாங்க மாட்டேன் என்றுவிட்டார். இனி அவருக்கு ஒரு நாள்கூட இந்த மணம் போகக் கூடாது.

டென்டுக்குள் ஈரப்பதம் 68 சதவீதம் காட்டுகிறது. ஃபில்டர் வாங்கி 5 மாதம்தான் ஆகிறது. விற்ற கடையில் கேட்டால் 6 அங்குல ஃபில்டரும் ஃபேனும் புதிதாக வாங்கச் சொல்கிறார்கள். வாங்கத்தான் வேண்டுமா?

மழைத்துளி85

அக்கா, எங்கள் மச்சான் ஒருவர் சின்ன ஓசோன் மெஷின் ஒன்று பேஸ்மென்டில் போட்டு வைத்திருந்தார். அரை மணித்தியாலத்தில் மணம் போய்விட்டது. ஃபில்டரை விட மலிவு. ஒருக்கால் பாருங்கள்.

டக்ட்_அண்ணை

தங்கச்சி, ஒன்றும் வாங்க வேண்டாம். நான் 17 வருஷமாக இந்த ஊரில் ஃபேர்னஸ், டக்ட், அதாவது வீட்டுச் சூடாக்கியும் அதன் காற்றுக் குழாய்களும் பூட்டுகிற வேலை செய்கிறவன். உங்கள் ஃபில்டர் நன்றாகத்தான் இருக்கும். மணம் ஃபில்டருக்கு வரவே இல்லை, வழியிலேயே தப்பிவிடுகிறது.

நீங்கள் எழுதியதில் அந்தப் பூரிதான் எனக்கு விஷயத்தைக் காட்டிக் கொடுத்தது. டென்ட் உப்பி நிற்கிறதென்றால் வெளியே போகிற காற்றைவிட உள்ளே வருகிற காற்று அதிகம். மிஞ்சின காற்று ஸிப், தையல், வயர் போகிற ஓட்டை என்று கிடைத்த இடத்தால் எல்லாம் வெளியேறும். அதில் ஒரு பிடி கரிகூடப் படுவதில்லை. டென்ட் பக்கங்கள் உள்ளே ஒட்டி நிற்க வேண்டும், பசித்த வயிறு மாதிரி. அப்படி நின்றால் ஓட்டை எங்கே இருந்தாலும் காற்று உள்ளேதான் போகும், வெளியே வராது. ஆகவே முதல் வேலை, அந்தக் குட்டி ஃபேனைக் கழற்றுங்கள். கீழ்த் துவாரத்தைச் சும்மா திறந்து வலையை மட்டும் விட்டால் போதும், மேல் ஃபேன் இழுக்கிற இழுவையில் காற்று தானாக வரும். உங்கள் டென்ட் மொத்தமே 48 கன அடி. ஃபில்டரும் குழாயும் கொஞ்சம் மறித்தாலும், நிமிடத்துக்கு ஒரு தரம் அந்தக் காற்றை மாற்ற உங்கள் ஃபேன் பாதி வேகத்திலேயே தாராளம். முழு வேகமும் வேண்டாம், கரியோடு காற்று கொஞ்ச நேரமாவது ஒட்டிப் போக வேண்டும்.

இரண்டாவது, ஃபில்டரை உள்ளே கொண்டு போங்கள். இப்போது ஃபேன் முன்னால், ஃபில்டர் பின்னால். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற குழாயில் மணம் பிடித்த காற்று அழுத்தத்தோடு நிற்கிறது. வளையம் கொஞ்சம் தளர்ந்தாலும், குழாயில் ஊசி முனை அளவு கிழிந்தாலும் அப்படியே பேஸ்மென்டுக்குள் ஊதும். அதற்குப் பதிலாக டென்டுக்குள் உயரத்தில் ஃபில்டர், அதோடு ஃபேன், பிறகு குழாய் வெளியே என்று மாற்றுங்கள். அப்போது குழாய் ஒழுகினாலும் ஒழுகுவது சுத்தமான காற்று. பாரத்துக்குப் பயப்படாதீர்கள். குறுக்குக் கம்பி இரண்டின் மேல் பட்டி போட்டுத் தொங்கவிடுங்கள், ஒரே கம்பியில் வேண்டாம். தொங்கவிட முன் ஃபில்டரைக் காதோடு வைத்து மெல்ல ஆட்டிப் பாருங்கள். கலகலவென்று சத்தம் கேட்டால் உள்ளே கரி இறங்கி மேலே வெற்றிடம் விழுந்திருக்கிறது, காற்று அந்தச் சந்தாலேயே ஓடிவிடும். அப்படியென்றால் ஃபில்டரை மாற்றத்தான் வேண்டும். மூட்டுகளுக்கு அலுமினியம் டேப் ஒட்டுங்கள், துணி டேப் சூட்டில் கழன்று வரும்.

எல்லாம் பூட்டின பிறகு ஒரு ஊதுபத்தி கொளுத்துங்கள். லைட்டை அணைத்துவிட்டு, ஸிப் ஓரமாக மேலிருந்து கீழே மெல்லக் கொண்டு போங்கள். புகை டென்டைப் பார்த்து வளைந்தால் சரி. ஏதாவது ஓர் இடத்தில் புகை உங்கள் முகத்துக்கு வந்தால் அந்த இடத்தைக் கவனியுங்கள். நான் வேலைக்குப் போகிற வீடுகளில் எந்த மெஷினையும் விட இதைத்தான் நம்புகிறேன்.

அடுத்தது சாமியறை. பேஸ்மென்டில் ஃபேர்னஸ் எங்கே இருக்கிறது? டென்டுக்குப் பக்கத்தில் என்றுதான் நினைக்கிறேன். ஃபேர்னஸ் ஃபில்டர் செருகுகிற இடுக்குக்கு மூடி இருக்கிறதா என்று பாருங்கள். பத்து வீட்டுக்குப் போனால் பாதி வீட்டில் அது இருக்காது. ஃபேர்னஸ் ஓடும்போது அந்த இடுக்கால் பேஸ்மென்டுக் காற்றை உறிஞ்சி வீடு முழுக்க அனுப்பும். குசினியில் ஆள் நடமாட்டம், சமையல், கதவு திறப்பு. சாமியறை நாள் முழுக்கப் பூட்டியிருக்கும், சின்ன அறை வேறு, போன காற்று அங்கேயே தங்கிவிடும். அம்மாவுக்கு முதலில் மணந்தது அதனால்தான். அம்மா சொன்ன பூனைக் கதையும் பிழையில்லை. இந்தப் பூவில் மாம்பழத்திலும் எலுமிச்சையிலும் மிளகிலும் இருக்கிற அதே வாசனைப் பொருட்கள் இருக்கின்றன. ஆனால் அந்தக் கார நாற்றம் கந்தகச் சேர்மங்களால் வருவது என்று 2021-இல் ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்தார்கள். ஸ்கங்க் பீய்ச்சுவதும் அந்த வகைதான். பூ முற்ற முற்றக் கூடும். ஐந்து கிழமை பேசாமல் இருந்துவிட்டு ஆறாவதில் கிளம்பியது அதனால்தான்.

ஈரப்பதம் 68 என்பது அதிகம். கரியில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் கோடிக்கணக்கில் இருக்கின்றன, மணம் அந்தத் துளைச் சுவர்களில்தான் போய் ஒட்டும். ஒரு கிராம் கரியில் இருக்கிற சுவர்களை விரித்துப் போட்டால் ஆயிரம் சதுர மீட்டர் அளவுக்கு வரும். காற்றில் ஈரம் கூடினால் அந்த இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொள்ளும். உடுப்பு பேஸ்மென்டிலா காயப்போடுகிறீர்கள்? அப்படியென்றால் பூ முடியும் வரைக்கும் வேறு இடத்தில் போடுங்கள். ஃபில்டரின் வெள்ளைத் துணி உறையைக் கழற்றித் தோய்த்து, நன்றாகக் காய்ந்த பிறகு போடுங்கள். கரியில் மட்டும் தண்ணீர் பட விடாதீர்கள்.

இந்தக் கரியைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட மனமில்லை. நல்ல ஃபில்டர்களில் இருப்பது பெரும்பாலும் சிரட்டைக் கரி. சிரட்டையைக் கரியாக்கி, தொள்ளாயிரம் பாகை அளவுச் சூட்டில் நீராவி விட்டுத் துளை திறக்கிறார்கள். இலங்கையிலிருந்து உலகம் முழுக்கப் போகிறது. எங்கள் அம்மா அயன் பெட்டிக்குள் போட்டுப் பள்ளிக்கூடச் சட்டை மினுக்கின அதே சிரட்டை. ஒவ்வொரு முறை ஃபில்டரைத் தூக்கும்போதும் எனக்கு அந்தச் சூட்டு வாசம் நினைவுக்கு வரும்.

மழைத்துளி தம்பி, கோபிக்க வேண்டாம், ஓசோன் மெஷினை ஆள் இருக்கிற வீட்டில் போடவே கூடாது. மணத்தைக் கொல்லும் அளவுக்கு ஓசோன் விட்டால் அது நுரையீரலையும் அரிக்கும். ஹெல்த் கனடாவும் வீட்டில் பாவிக்க வேண்டாம் என்றுதான் சொல்கிறது. மேல்மாடியில் வயதான அம்மா இருக்கிறார்.

மழைத்துளி85

தெரியாமல் சொல்லிவிட்டேன் அண்ணை. மச்சானுக்கும் இப்போதே சொல்கிறேன்.

பிரம்டன்_தோட்டம்

நான் குழாயை ஜன்னலால் நேரே வெளியே விட்டிருக்கிறேன். வீட்டுக்குள் துளி மணம் இல்லை. அதை ஏன் ஒருவரும் சொல்லவில்லை?

டக்ட்_அண்ணை

வெளியே விடலாம், ஆனால் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். வெளியே விட்டாலும் ஃபில்டர் வேண்டும், இல்லாவிட்டால் மணம் பக்கத்து வீட்டு ஜன்னலுக்குத்தான் போகும். தங்கச்சியின் கவலையே அதுதானே.

மற்றது உயிர் விஷயம். நாள் முழுக்க வீட்டுக் காற்றை வெளியே தள்ளினால், அந்தக் காற்று வேறு ஏதோ வழியால் உள்ளே வர வேண்டும். பழைய மாதிரி கேஸ் சுடுதண்ணி டாங்க், அதாவது ஃபேன் இல்லாமல் சூட்டில் தானாகப் புகை மேலே போகிற வகை, பேஸ்மென்டில் இருந்தால் அதன் புகைபோக்கியாலேயே காற்று கீழே திரும்பும். கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் வரும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. உங்கள் வீட்டில் எந்த வகை என்று இன்றைக்கே பாருங்கள். அந்த வகையென்றால் ஆளைக் கூப்பிட்டுச் சோதிக்கும் வரைக்கும் குழாயை உள்ளே திருப்பி வையுங்கள். அலாரம் நித்திரை கொள்கிற அறைகளுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், பேஸ்மென்டிலும் ஒன்று மாட்டுங்கள். வாரத்துக்கு ஒரு தரம் அலாரத்தின் பட்டனை அமத்திப் பாருங்கள்.

பிரம்டன்_தோட்டம்

பார்த்தேன், பழைய டாங்க்தான். குழாயை உள்ளே எடுத்துவிட்டேன். நாளைக்கு ஆள் வருகிறார். நன்றி அண்ணை.

கனகாம்பரம்

அண்ணை, பத்து நாள் கழித்து எழுதுகிறேன், அவசரப்பட்டுச் சொல்லக் கூடாதென்று காத்திருந்தேன்.

சனிக்கிழமை காலமை இவர் கதிரையில் இருந்தபடி சொல்லச் சொல்ல நான் பூட்டினேன். குட்டி ஃபேனைக் கழற்றி, ஃபில்டரைப் பட்டி போட்டு மேலே தொங்கவிட்டு, பெரிய ஃபேனை 5-இல் வைத்தேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, டென்ட் பக்கங்கள் நாலும் உள்ளே வளைந்தன. ஊதுபத்தியைக் கொண்டு போனபோது முழு ஸிப்பிலும் புகை உள்ளே இழுபட்டது. கீழ் மூலையில் லைட் வயர் போகிற இடத்தில் மட்டும் புகை அசையாமல் நேரே நின்றது. பார்த்தால் துணிக் குழலின் கயிறு அவிழ்ந்து கிடக்கிறது. இறுக்கிக் கட்டின பிறகு அங்கேயும் உள்ளே போனது. சத்தமும் நினைத்த அளவுக்கு இல்லை, ஃபேனுக்குக் கீழே பழைய துவாய் ஒன்று மடித்து வைத்தேன்.

ஃபேர்னஸ் நீங்கள் சொன்னபடியேதான். ஃபில்டர் இடுக்கு என் இரண்டு விரல் போகிற அகலத்தில் வாய் திறந்து கிடந்தது. கையை வைத்துப் பார்த்தால் காற்று சில்லென்று உள்ளே இழுக்கிறது. காந்த மூடி ஒன்று வாங்கி ஒட்டினேன். உடுப்புக் கொடியை மேலே மாற்றினேன். ஈரப்பதம் இப்போது 54, 55.

எனக்கு மூக்குப் பழகிவிட்டதோ என்று சந்தேகம். அதனால் அம்மாவிடம் ஒன்றும் சொல்லாமல் விட்டேன். அவர் கோயிலுக்குப் போய் வந்து நேரே சாமியறைக்குள் போனார். நான் வாசலில் நின்று முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். விளக்குத் திரியைத் தூண்டிவிட்டு, "கற்பூரம் முடிஞ்சுது, ஞாபகமா வாங்கி வை" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

பக்கத்து வீட்டு அம்மாவையும் கேட்டேன். நாலைந்து நாளாக ஒன்றும் தெரியவில்லையாம்.

இன்னும் ஒரு கேள்வி. அடுத்த மாதம் வெட்டப் போகிறோம். காயவிடும்போது இதைவிடக் கூட மணக்குமென்று சொல்கிறார்களே?

டக்ட்_அண்ணை

மணக்கும். அந்தக் கந்தகம் காயும்போதும், போத்தலில் போட்ட முதல் சில நாட்களிலும்தான் உச்சத்தில் நிற்கும். வெட்டினதும் டென்டைக் கழற்றிவிடாதீர்கள், பலர் அங்கேதான் பிழை விடுகிறார்கள். அதே டென்டுக்குள்ளேயே கொடி கட்டித் தொங்கவிடுங்கள், லைட் வேண்டாம், ஃபில்டரும் ஃபேனும் ஓடட்டும். வேகத்தை மட்டும் குறையுங்கள், பக்கங்கள் உள்ளே வளைந்து நிற்கிற அளவுக்கு இருந்தால் போதும். இலை வெட்டுகிற வேலையையும் டென்ட் வாசலில் இருந்தே செய்யுங்கள். வெட்டின கழிவு இலையை அன்றைக்கே இறுக்கிக் கட்டி வெளியே வையுங்கள், குசினி வாளியில் போட வேண்டாம். போத்தல்களைத் திறந்து காற்று மாற்றுவதும் டென்டுக்குள்ளேயே.

கனகாம்பரம்

சரி அண்ணை, அப்படியே செய்கிறேன். வெட்டுகிற கிழமை பக்கத்து வீட்டு அம்மாவிடமும் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வைக்கிறேன்.