பிள்ளையளோட இரவு நன்றி ஜெபம், உதவி தேவை
நாங்கள் ஒஸ்லோவிலை இருக்கிறம், இப்ப லீவுக்கு யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில அம்மா வீட்டை வந்து நிக்கிறம். பிள்ளையளுக்கு 9, 13 வயசு. அங்க ரெண்டு வருசமா இரவு ஜெபத்திலை நன்றி சொல்லச் சொன்னா, ரெண்டு பேரும் "சாப்பாட்டுக்கு நன்றி" எண்டு ஒரே வரியில முடிச்சிட்டு எழும்பீடுவினம். போத்திலுக்குள்ள துண்டு எழுதிப் போட வைச்சன், மூண்டு கிழமைதான் ஓடிச்சு. பைபிளிலை நன்றி சொல்லுற சங்கீதம் 136இன்ர 26 வசனத்தையும் மாறி மாறி வாசிச்சம், அதுவும் அலுத்திட்டுது. அம்மாவை வீடியோ கோலிலை சேர்ப்பம் எண்டா அங்க 8 மணி, இங்க இரவு 11.30, அவ நித்திரை. ஆனா நேற்று இங்க கரண்ட் போக, விளக்கு வெளிச்சத்திலை சின்னவள் தானாவே "கிணத்துத் தண்ணிக்கு நன்றி, அம்மம்மான்ர கைக்கு நன்றி" எண்டாள், எனக்குக் கண் கலங்கிட்டுது. ஓகஸ்ட் 15 திரும்புறம். வெளிநாட்டிலை பிள்ளை வளர்க்கிற நீங்கள் இதை விடாமக் கொண்டுபோக வீட்டிலை என்ன செய்யிறனீங்கள்?