பெயருக்கு அர்த்தம் கேட்டு அசந்துபோன அனுபவம் உங்களுக்கு உண்டா?

நானே ஆரம்பிக்கிறேன். எங்கள் குழுவில் அயர்லாந்துக்காரர் ஒருவர் புதிதாகச் சேர்ந்தார், பெயர் கியரன். பக்கத்து இருக்கையில் இருந்தவர் பெயர் கிரண். ரெண்டும் ஒரே பெயர்தான் போல என்று எல்லோரும் கிண்டலடிக்க, கியரன் நிதானமாகச் சொன்னார்: ஐரிஷில் ‘கியர்’ என்றால் கறுப்பு, கறுத்தவன் என்று செல்லமாகக் கூப்பிடுவதுதான் தன் பெயர் என்று. சமஸ்கிருதக் கிரண் ஒளிக்கதிர், இதுவோ நேர் எதிர்! ஒலி ஒத்துப்போனால் உறவு என்று முடிவு கட்டுபவர்கள் கவனிக்க.

*

என்னோடு அறையில் தங்கியிருந்தவர் நைஜீரியாவின் யொரூபா இனத்தவர், பெயர் கெஹிண்டே. பிறந்தது இரண்டாவதாக, ஆனால் நான்தான் அண்ணன் என்பார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன், அப்புறம் விளக்கினார். அவர்களிடம் இரட்டையரில் முதலில் வெளியே வருவது தாய்வோ, ‘உலகத்தை ருசி பார்த்தவர்’. பின்னால் வருவது கெஹிண்டே. உலகம் எப்படி இருக்கிறது, பார்த்துவிட்டு வா என்று தம்பியை முன்னால் அனுப்பிவைத்த மூத்தவராம்! பெயரைக் கேட்டாலே பிறந்த கதை வந்துவிடுகிறது. தாமஸ் என்பதும் அரமேயத்தில் இரட்டையர் என்பதுதான், ஆனால் அந்தப் பெயர்க்காரர்களில் எத்தனை பேர் இரட்டையராக இருக்கப் போகிறார்கள்? கானாவின் ஆக்கன் மக்களிடம் இது இன்னும் கறார். ஐ.நா. பொதுச்செயலாளராக இருந்த கோஃபி அன்னானின் முழுப்பெயர் கோஃபி அட்டா அன்னான். கோஃபி, வெள்ளிக்கிழமை பிறந்த ஆண். அட்டா, இரட்டையரில் ஒருவர். அவர் பிறந்த 1938 ஏப்ரல் 8 வெள்ளிதான், இரட்டையாகக் கூடப் பிறந்த சகோதரியும் உண்டு.

*

எனக்குத் தெரிந்தவர்கள் மகளுக்கு வனெஸா என்று வைத்தார்கள், கிரேக்கத்தில் பட்டாம்பூச்சி என்று ஏதோ பெயர்ப் பட்டியலில் பார்த்துவிட்டு. அது கிரேக்கமே இல்லை. ‘கலிவரின் பயணங்கள்’ எழுதிய ஜொனாதன் ஸ்விஃப்ட் தன் தோழி எஸ்தர் வனோம்ரிக்குக்காக, குடும்பப் பெயரின் ‘வன்’னையும் எஸ்தரின் செல்லச் சுருக்கத்தையும் ஒட்டிச் செய்த பெயர், அந்தப் பெயரில் அவளைப் பற்றி அவர் எழுதிய கவிதை அச்சில் வந்தது 1726இல். பட்டாம்பூச்சிப் பேரினம் ஒன்றுக்குப் பூச்சியியலாளர் ஃபப்ரீசியஸ் அந்தப் பெயரை வைத்தது 1807இல்தான்! பட்டியல் போடுபவர்கள் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதுவதால் வருகிற வினை. இதைச் சொன்னதும் பெற்றோர் முகம் வாடும் என்று பயந்தேன், அவர்களோ கவிஞர் செய்த பெயரா, சரி, இது இன்னும் நல்லா இருக்கே என்றுவிட்டார்கள்.

*

ஜப்பானியப் பெயர்களைப் பட்டியலில் பார்த்து வைக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. யூகி என்ற தோழியிடம் ‘பனிதானே?’ என்றேன். பையிலிருந்து பேனாவை எடுத்து எழுதிக் காட்டினாள். ஜப்பானியத்தில் ஒரே ஒலியை வேறு வேறு பொருளுள்ள எழுத்துகளால் எழுதலாம், அவள் பெயரின் எழுத்துக்கு மகிழ்ச்சி என்று பொருள். பனி என்று எழுதுகிற யூகியும் இருக்கிறார்கள், ஆண்களிலும் யூகி உண்டு. உச்சரிப்பை மட்டும் வைத்துக்கொண்டு ‘யூகி என்றால் பனி’ என்று ஒரே வரியில் போட்டிருந்தால், எந்த எழுத்து என்று கேளுங்கள்.