பேர் விழாத நாளில் போய்ப் பார்த்த இடங்கள்

மஸ்கெலியா மகன்:

இரண்டு வாரமாக மனத்தை அரித்துக்கொண்டிருப்பதால் எழுதுகிறேன். நான் இலங்கை மலையகத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கவ்வாத்து வெட்டுகிறவன், அதாவது செடிகளைக் கத்தியால் வெட்டிவிடுகிறவன். அன்று ஞாயிற்றுக்கிழமை, பிரட்டு (காலையில் ஆள் கூட்டி வேலை பிரிப்பது) இல்லை, பேரும் (ஒரு நாள் சம்பளக் கணக்கு) விழாது. மவுசாகலை நீர்த்தேக்கத்தில் தண்ணீர் நன்றாக இறங்கிவிட்டது, பழைய கோயில் தெரிகிறது என்று லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) ஒரே பேச்சு. அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அந்த அணையின் கதை இங்கே எல்லோருக்கும் தெரியும். 1969இல் தண்ணீர் ஏறி பழைய மஸ்கெலியா டவுன் மூழ்கியபோது அம்மாவுக்கு 12 வயது.

சேறு காய்ந்து பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. வெளியூர்க்காரர்கள் கோயிலைச் சுற்றி நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அம்மாவும் அங்கேதான் போவார், கற்பூரம்கூடக் கொண்டு வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் கோயிலைத் தாண்டிப் போனார். யாரிடமும் வழி கேட்கவில்லை, அங்கும் இங்கும் பார்க்கவில்லை. தினமும் போய் வருகிற பாதை போல நடந்து, ஒரு நீளமான கருங்கல்லின் முன்னால் நின்றார். கல்லின் நடுவில் மட்டும் தேய்ந்து குழிந்திருந்தது. "செட்டியார் கடைப் படி" என்றார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, வெறும் காலோடு அந்தக் குழியில் ஏறி நின்றார். அந்த வெயிலில் கல் எப்படிச் சுட்டிருக்கும்! ஐந்து நிமிடம் இருக்கும், பேசவே இல்லை. திரும்பி வரும்போது கோயிலில் கற்பூரம் ஏற்றினார், செருப்பைக் கழற்றாமல், வெளியே நின்றபடியே. கடைப் படிக்கு ஏன் கழற்றினார் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. கேட்கவும் வாய் வரவில்லை.

லீவு நாளில் எங்காவது போய், இப்படி எதையாவது மனத்தில் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் இருந்தால் எழுதுங்கள்.

கொழுந்துக்கூடை:

தம்பி, நான் நல்லதண்ணிப் பக்கத்துத் தோட்டம். சிவனொளிபாதமலை எங்கள் வாசலில் நிற்கிறது. டிசம்பர் போயாவிலிருந்து (முழுநிலா நாள்) மே மாத வெசாக் வரைக்கும் ராத்திரியில் கதவைத் திறந்தால் மலையில் விளக்கு வரிசை தெரியும். அந்த வெளிச்சத்தில் வளர்ந்த நான், மலையேறியது 41 வயதில்தான். நாடு முழுவதும் இருந்து சனம் எங்கள் லயத்தைக் கடந்து மலைக்குப் போகிறது, நமக்கு மட்டும் நேரம் வருவதில்லை.

ஒரு போயா ராத்திரி பத்து மணிக்கு, அக்காள் மகளோடு ஏறினேன். வழியில் இந்திகட்டுபான என்ற இடத்தில் மலையேறுகிறவர்கள் நூல் கட்டுவார்கள் அல்லவா, அங்கே வெள்ளைச் சேலை கட்டிய சிங்கள மூதாட்டி ஒருவர் நூல் உருண்டையின் முனையைப் பிடிக்கச் சொல்லி என்னிடம் நீட்டினார். வாங்கியபோது டார்ச் வெளிச்சம் என் விரலில் விழுந்தது. கொழுந்து பறிக்கிறவர்களின் கட்டைவிரல் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். கறை ஏறி, வெடித்து, எந்தச் சவர்க்காரத்துக்கும் போகாது. நான் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தேன். அவர் விடவில்லை. என் விரலை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தன் இடது கையை விரித்து என் கையோடு ஒட்டி வைத்தார். சுட்டுவிரலுக்குக் கீழே குறுக்காக வெள்ளைத் தழும்பு. "ரப்பர்" என்றார். பால் வெட்டுகிற கத்தி பட்ட தழும்பு. அவருக்கு என் பாஷை தெரியாது, எனக்கு அவர் பாஷை அரைகுறை. அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது.

மகாகிரிதம்பச் செங்குத்தில் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு "துவே, துவே" (மகளே, மகளே) என்று கூப்பிட்டபடியே ஏறினார். உச்சியில், மலையேறிய தடவைக்கு ஒன்றாக மணி அடிப்பார்கள். அவர் எத்தனையோ தடவை அடித்தார், எண்ணித் தீரவில்லை. நான் ஒரு தடவை. வெளிச்சம் வந்ததும் மலையின் நிழல் முக்கோணமாகப் பனிமேல் விழுந்ததைப் பார்க்க எல்லோரும் அந்தப் பக்கம் நகர்ந்தார்கள். திரும்பிப் பார்த்தபோது அவர் இல்லை. ஊர் பெயரைக்கூடக் கேட்டு வைக்கவில்லை. மறுநாள் கால் வீங்கி பிரட்டுக்குப் போக முடியாமல் ஒரு பேர் போனது. அது வருத்தமில்லை. ஊரைக் கேட்காமல் விட்டதுதான் வருத்தம்.

ஹோர்ட்டன் சமவெளிக்காரன்:

நான் ஹோர்ட்டன் சமவெளியில் உலக முடிவு என்கிற செங்குத்துப் பாறை விளிம்புக்குப் போனேன். பத்து மணிக்குப் போய்ச் சேர்ந்தேன், பனி மூடிவிட்டது, கீழே என்ன இருக்கிறது என்றே தெரியவில்லை. பக்கத்தில் ஒரு மரை மான் வந்து நின்று என் பையை முகர்ந்தது, அதன் மூச்சு என் கையில் சூடாகப் பட்டது. அதுதான் என் அனுபவம்.

கொழுந்துக்கூடை அக்காவுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அடுத்த தடவை ராத்திரி பத்து மணிக்கே ஏறத் தொடங்காதீர்கள். நல்லதண்ணியிலிருந்து இரண்டு மணிக்கு முன்பின்னாகப் புறப்பட்டால் சூரியன் எழும் நேரத்துக்கு உச்சியில் இருக்கலாம். சீக்கிரம் போய்விட்டால் மேலே குளிரில் விறைத்துப் போவோம். 2,243 மீட்டர் உயரம், காற்று சும்மா விடாது. ஏறும்போது போட்டிருக்கும் சட்டை வியர்வையில் நனைந்துவிடும், அதோடு உட்கார்ந்தால் காய்ச்சல்தான். மாற்றுச் சட்டை ஒன்றைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டு போங்கள். கால் வீங்கியதற்குக் காரணம் ஏறியது அல்ல, இறங்கியது. படியில் குதித்து இறங்கக்கூடாது. பக்கவாட்டில், ஒரு கையால் கம்பியைப் பிடித்து, காலை மெதுவாக வைக்க வேண்டும். மலையில் ஏறி இறங்கியே பிழைக்கிற நமக்கு இது தெரியும் என்று நினைக்கிறோம், ஆனால் சரிவான மண் பாதையில் இறங்குவது வேறு, சீமெந்துப் படியில் இறங்குவது வேறு. வீட்டுக்கு வந்ததும் சுடுதண்ணீரில் உப்புப் போட்டுக் காலை வையுங்கள். இரத்தினபுரிப் பக்கத்துப் பாதையில் போகிறவர்களுக்கு இன்னொன்று: அது நீளமான பாதை, மழை பெய்தால் அட்டை அதிகம். காலில் சவர்க்காரத்தைத் தேய்த்துக் காயவிட்டு அதற்குமேல் காலுறை போடுங்கள். அட்டை கடித்தால் பிய்த்து இழுக்காதீர்கள், நகத்தால் ஓரமாகத் தள்ளுங்கள்.

பதுளைக் கோச்சி:

முதலில் பதிவிட்ட தம்பி கோயிலை மட்டும் சொல்லியிருக்கிறார். தண்ணீர் நன்றாக இறங்கினால் அங்கே விகாரையும் தெரியும், பள்ளிவாசலும் தெரியும். மூன்றும் இருந்த டவுன் அது. "பழைய கோயில்" என்று மட்டும் எழுதினால் படிக்கிற பிள்ளைகள் அங்கே நாம் மட்டும்தான் இருந்தோம் என்று நினைப்பார்கள். கோபத்தில் சொல்லவில்லை, விட்டுப்போகக்கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

என் கதை. ஐயாவுக்கு (என் அப்பா) 70 வயது. தோட்டத்தைவிட்டு வெளியே போனதெல்லாம் ஆசுபத்திரிக்கும் கதிர்காமத்துக்கும் மட்டும். ஒரு போயா நாளில் அட்டனிலிருந்து பதுளை வரைக்கும் மூன்றாம் வகுப்பில் கூட்டிக்கொண்டு போனேன். பட்டிப்பொளை ஸ்டேஷன் பலகையைக் காட்டி, இதைவிட உயரத்தில் இந்த நாட்டில் ஸ்டேஷன் கிடையாது என்றேன். தலையை ஆட்டினார். தெமோதரையில் 1921ஆம் வருடத்து ஒன்பது வளைவுப் பாலத்தைக் காட்டினேன். அதற்கும் தலையாட்டல்தான்.

ஆனால் அதற்கு முன்பே, தலவாக்கலை தாண்டி ஒரு வளைவில், எங்கள் தோட்டத்து மலை ஒன்று எதிரே வந்தது. ஐயா எழுந்து வாசலுக்கு ஓடினார். அங்கே ஒரு வெள்ளைக்காரப் பெண் வெளியே சாய்ந்து அதே மலையைப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். ஐயா கையை நீட்டி, "அந்தப் பாறையிலிருந்து கான் (வடிகால்) வரைக்கும் அவ்வளவு தேயிலைக் கன்றும் நான் குழி வெட்டி வைத்தது" என்று என்னிடம் சத்தமாகச் சொன்னார். அந்தப் பெண், படத்தில் கை விழுகிறது என்று சைகை காட்டினாள், மரியாதையாகத்தான். ஐயா கையை மடக்கிக்கொண்டார். அவளுக்கு எடுத்துச் சொல்ல எனக்கு இங்கிலீஷ் வரும். வாக்கியத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். அதற்குள் வளைவு முடிந்து மலை மறைந்துவிட்டது.

கோத்தகிரியிலிருந்து:

1974இல், 8 வயதில், ஒப்பாரிக் கோச்சியில் (இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்களை ஏற்றிய ரயிலில்) தலைமன்னார் வந்து, ராமானுஜம் கப்பலில் இராமேசுவரம் இறங்கியவன். மண்டபம் முகாம், பிறகு நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டம். அங்கேயும் அப்பா அதே கவ்வாத்துக் கத்தியைத்தான் பிடித்தார். இலங்கையில் எங்கள் பழைய தோட்டத்தில் சென்கிளேயர் அருவியின் இரைச்சல் லயத்துக்குள் கேட்கும், அந்தச் சத்தம் இல்லாமல் இங்கே தூக்கம் வரவில்லை என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

தோட்டத்தில் பத்து நாள் லீவு வாங்கிக்கொண்டு போன வருடம் அந்த அருவிக்குப் போனேன். விடிவதற்கு முன் பஸ்ஸிலிருந்து இறங்கி இருட்டில் நின்று காது கொடுத்தேன். சத்தமே இல்லை. இடம் மாறி இறங்கிவிட்டேன் என்று நினைத்தேன். தேத்தண்ணீர்க் கடைக்காரர்தான், நீங்கள் நிற்பது அருவிக்கு எதிரேதான் என்றார். அப்பாவின் படத்தைச் சட்டைப் பையில் கொண்டு போயிருந்தேன். அதை வெளியே எடுக்க மனம் வரவில்லை.

பதுளைக் கோச்சி:

ஐயா, இடம் மாறவில்லை. மேல் கொத்மலைத் திட்டம் 2012இல் இயங்கத் தொடங்கிய பிறகு ஆற்றுத் தண்ணீரைத் தலவாக்கலையிலேயே மறித்து மின்சாரத்துக்குத் திருப்பிவிட்டார்கள். அருவிக்குப் பகலில் மட்டும் கொஞ்சம் விடுகிறார்கள். நீங்கள் நின்ற நேரம் அப்படி. இன்னொரு தடவை வாருங்கள், பகலில் நான் கூட்டிக்கொண்டு போகிறேன்.

கோத்தகிரியிலிருந்து:

நன்றி தம்பி. அப்பா ராத்திரிச் சத்தத்தைத்தான் சொன்னார்.

மஸ்கெலியா மகன்:

பதுளைக் கோச்சி அண்ணன் சொன்னது சரி. பள்ளிவாசல் சுவரையும் பார்த்தேன், எழுதாமல் விட்டது என் பிழை.

இதையெல்லாம் நேற்று ராத்திரி அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். ரப்பர் வெட்டும் அம்மாளின் கதையை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார். அப்படியே, கடைப் படியில் ஏன் செருப்பைக் கழற்றினீர்கள் என்று கேட்டுவிட்டேன். அவர் அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டுக்கொண்டே சொன்னார்:

"அந்த வயதில் எனக்கு ஏது செருப்பு? அந்தப் படியை என் காலுக்கு வெறும் காலாகத்தான் தெரியும்."