நெகிழ் பிவிசி குழாயிலிருந்து பிரித்தெடுத்த எண்ணெய் தாலேட்தானா?

கேள்வி

நிறமற்ற, ஒளி ஊடுருவும் பிவிசி குழாயை 2 மில்லிமீட்டர் துண்டுகளாக நறுக்கி, 10 கிராம் எடை போட்டு, மூடிய கண்ணாடிக் குடுவையில் அசிட்டோனில் 2 நாள் ஊறவைத்தேன். துண்டுகள் ஊதிப் பருத்து, தொட்டால் வழுக்கும் கூழ் போல ஆயின. வடிகட்டி, தீச்சுடர் இல்லாமல் நீர்த்தொட்டியின் சூட்டில் அசிட்டோனை ஓட்டியபின், இலேசான மஞ்சள் நிறத்தில் 4.1 கிராம் கெட்டியான எண்ணெய் கிடைத்தது. ஆனால் காய்ந்த துண்டுகளை எடை போட்டால் 3.4 கிராம்தான் குறைந்திருக்கிறது. எண்ணெயும் தெளிவாக இல்லை. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் உள்ளே மெல்லிய வெண்படலம் தொங்குகிறது.

இதை டிஇஎச்பி (பிவிசியை நெகிழ வைக்கச் சேர்க்கும் தாலேட் வகை எண்ணெய்) என்று எடுத்துக்கொள்ளலாமா? தூய்மைப்படுத்த வெற்றிடத்தில் காய்ச்சி வடிக்கலாமா? மிகுதியாக வந்த 0.7 கிராம் எங்கிருந்து வந்தது?

முதல் பதில்

கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனெனில் மற்றவற்றுக்கான விடையும் அதில் பாதி இருக்கிறது. எண்ணெயில் கொஞ்சம் அசிட்டோன் தங்கியிருந்தால் அதன் எடை கூடும். துண்டுகளில் கொஞ்சம் தங்கியிருந்தால் அவற்றின் எடை இழப்பு குறைவாகத் தெரியும். இரண்டு பிழைகளும் சேர்ந்து இடைவெளியை ஒரே திசையில் விரிக்கின்றன. இரண்டையும் திரும்பத் திரும்பச் சூடாக்கி, அடுத்தடுத்த இரண்டு எடைகள் ஒன்றாக வரும்வரை நிறுத்தாதீர்கள். நெகிழ் பிவிசியில் நெகிழ்வூட்டி, அதாவது டிஇஎச்பி போல அதை மென்மையாக்கும் பொருள், எடையில் 20 முதல் 40 விழுக்காடு வரை இருப்பது வழக்கமாதலால், 3.5 கிராம் அளவில் வந்தால் வியப்பில்லை.

அந்த வெண்படலம் பெரும்பாலும் பிவிசி பாலிமர்தான். அசிட்டோன் பிவிசியை முழுவதும் கரைக்காவிட்டாலும் அதை ஊதச் செய்து, குறுகிய சங்கிலிகளைக் கூடவே இழுத்து வந்துவிடும். எண்ணெயில் ஹெப்டேன் ஊற்றிக் கலக்கி ஒரு நாள் வைத்தால் பாலிமர் அடியில் படியும், நெகிழ்வூட்டி கரைசலில் நிற்கும். தெளிந்ததை வடித்துக் கரைப்பானை மீண்டும் ஓட்டுங்கள். ஹெக்சேனும் இதே வேலையைச் செய்யும், ஆனால் அதன் ஆவி நரம்புகளைப் பாதிப்பது தெரிந்த செய்தி. ஹெப்டேன் கிடைக்கும்போது அதை ஏன் தொட வேண்டும்?

காய்ச்சி வடித்தலை விட்டுவிடுங்கள். டிஇஎச்பி சாதாரண அழுத்தத்தில் ஏறத்தாழ 385 டிகிரியில் கொதிக்கும். 5 மில்லிமீட்டர் பாதரச அழுத்தத்தில்கூட 230 டிகிரி வேண்டும். அந்தச் சூட்டில் உள்ளே கரைந்திருக்கும் பிவிசி சிதைந்து ஹைட்ரஜன் குளோரைடை வெளியிடும். எண்ணெய் கறுக்கும், பம்பும் அரிக்கும்.

இரண்டாம் பதில்

பிரித்தெடுப்பதைவிட, பிரித்தெடுத்தது என்ன என்று சொல்வதே கடினம். தாலேட்டுகளுக்குப் பல நாடுகளில் கட்டுப்பாடு வந்தபின், இப்போதைய பொருள்களில் டிஓடிபி என்னும் டெரிஃப்தாலேட் எஸ்டர் மிகுதியாகச் சேர்க்கப்படுகிறது. அதற்கும் டிஇஎச்பிக்கும் மூலக்கூறு வாய்பாடு ஒன்றே, நிறை ஒன்றே, அடர்த்தியும் கிட்டத்தட்ட ஒன்றே. பென்சீன் வளையத்தில் இரண்டு எஸ்டர் தொகுதிகள் அடுத்தடுத்து நிற்கின்றனவா எதிரெதிரே நிற்கின்றனவா என்பது மட்டுமே வேறுபாடு. நீராற்பகுத்தால் (எஸ்டரை ஆல்கஹாலாகவும் அமிலமாகவும் உடைத்தால்) இரண்டும் 2-எத்தில்ஹெக்சனாலைத் தருவதால் மணத்தை வைத்தும் எதுவும் சொல்ல முடியாது.

ஆனால் கூடவே கிடைக்கும் அமிலங்கள் வேறுபடுகின்றன. 2 கிராம் எண்ணெயை, 1.5 கிராம் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைத்த 25 மில்லி எத்தனாலில் 2 மணி நேரம் ரிஃப்ளக்ஸ் செய்யுங்கள் (ஆவி குளிர்ந்து குடுவைக்கே திரும்பும்படி கொதிக்கவிடுங்கள்). எத்தனாலை ஓட்டி, நீரில் கரைத்து, மேலே மிதக்கும் ஆல்கஹாலைப் பிரித்துவிட்டு, நீர்க்கரைசலைச் சூடாக வைத்தபடியே நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் விடுங்கள். சூட்டிலேயே வெண்தூள் கொட்டினால் அது டெரிஃப்தாலிக் அமிலம். கொதிநீரிலும் அது கரையாது. கரைசல் தெளிவாக இருந்து, ஆறும்போது படிகங்கள் வந்தால் தாலிக் அமிலம்.

உறுதிக்கு, சிறிதளவு படிகத்தை ரிசார்சினாலோடு சேர்த்து, ஒரு சொட்டு அடர் கந்தக அமிலம் விட்டு, 160 டிகிரி எண்ணெய்த் தொட்டியில் சில நிமிடம் வைத்து, ஆறியபின் நீர்த்த காரத்தில் கரையுங்கள். தாலிக் அமிலமானால் ஃப்ளூரசீன் என்னும் சாயம் உண்டாகிப் பளிச்சென்ற பச்சை ஒளிர்வு தெரியும். அடால்ஃப் ஃபான் பேயர் 1871இல் கண்ட அதே வினைதான். வேறு சில டைகார்பாக்சிலிக் அமிலங்களும் ரிசார்சினாலோடு மங்கலாக ஒளிரும் என்பதால், படிகம் சேர்க்காத ஒரு வெற்றுச் சோதனையைப் பக்கத்தில் வைக்காமல் எதையும் முடிவு செய்யாதீர்கள்.

மூன்றாம் பதில்

மேலே சொன்னவற்றோடு உடன்படுகிறேன். இரண்டு சிறு குறிப்புகள் மட்டும். நீராற்பகுக்கும் முன் ஒரு சொட்டு எண்ணெயை நீரில் விட்டுப் பாருங்கள்: இந்த எஸ்டர்கள் நீரைவிடச் சற்றே இலேசானவை, சோம்பலாக மேலே வந்து நிற்கும், நேரே அடியில் போய் உட்கார்ந்தால் அது குளோரினேற்றிய பாரஃபின், ட்ரைகிரெசில் பாஸ்பேட் போன்ற வேறு வகை நெகிழ்வூட்டியாக இருக்கலாம், அப்போது மேற்சொன்ன செய்முறையே பொருந்தாது. அடுத்து, உங்கள் குளிர்விப்பானோடும் கரைப்பான் போகும் வழியோடும் நெகிழ் பிவிசிக் குழாய் எதையும் இணைக்காதீர்கள். என்னுடைய ஒரு சோதனையில், பிவிசி போடாமல் கரைப்பான் மட்டும் வைத்த வெற்றுச் சோதனைக் குடுவையிலிருந்தே எண்ணெய் வந்தது. அரை நாள் குழம்பியபின்தான், கரைப்பானை மாற்ற நான் வைத்திருந்த குழாயே காரணம் என்று புரிந்தது.

கேள்வி கேட்டவர்

சொன்னபடி செய்து பார்த்தேன். எடைகள் நிலைத்தபோது எண்ணெய் 3.6 கிராம், துண்டுகளின் இழப்பு 3.5 கிராம். குழாய்த் துண்டுகள் சுருங்கி, நகத்தால் தட்டினால் டக் என்று ஒலிக்கும் அளவுக்கு விறைத்துவிட்டன. ஹெப்டேனில் வெண்படலம் படிந்தது. சொட்டு நீரில் மிதந்தது. அமிலம் விட்டவுடன் சூட்டிலேயே தூள் கொட்டியது, நன்கு கழுவி உலர்த்தியபோது 0.71 கிராம். ரிசார்சினால் சோதனையில், படிகம் சேர்க்காத வெற்றுச் சோதனையைவிட ஒளிர்வு கூடவில்லை. ஆக, டிஓடிபி. ஒன்று மட்டும் புரியவில்லை: காரக்கரைசலை நீரில் கரைத்தபோது சோப்பு போல நுரைத்தது, அமிலம் விட்டதும் தூளோடு பிசுக்கான ஆடையும் மிதந்தது.

இரண்டாம் பதில் எழுதியவர்

அது எப்பாக்சியேற்றிய சோயா எண்ணெயாக இருக்கலாம். வெளியாகும் ஹைட்ரஜன் குளோரைடைப் பிடித்துக்கொள்ள அதை நிலைப்படுத்தியாகச் சேர்ப்பார்கள். காரத்தில் அது சோப்பாகும், அமிலத்தில் கொழுப்பமிலமாக மிதக்கும். 2 கிராம் தூய டிஓடிபி அதிகபட்சம் 0.85 கிராம் அமிலம் தரும், உங்களுக்கு 0.71 வந்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். தூளைச் சூடான எத்தனாலில் ஒருமுறை கழுவிவிட்டு மீண்டும் எடை போடுங்கள். எவ்வளவு குறைகிறது என்று எழுதுங்கள்.