கிணத்துல கிடைச்ச ஆமை ஓட்டுக்குள்ள முதுகெலும்பு

கேட்டவர்: குடியாத்தம் விவசாயி

சித்திரையில எங்க நெலத்துக் கிணத்தைத் தூர் வாரினோம். சேத்தோட ஒரு ஆமை ஓடு வந்துச்சு. தண்ணி சுத்தமா இருக்கணும்னு தாத்தா விட்ட பாலாமை. சின்ன வயசுல எட்டிப் பார்த்தா தலைய நீட்டும். ஓட்டைக் கழுவித் திருப்பினா, நடுவுல முதுகெலும்பு, ரெண்டு பக்கமும் விலா எலும்பு, எல்லாம் ஓட்டோட ஒண்ணா இருக்கு. நத்தை மாதிரி வீட்டைச் சுமக்குதுன்னுதான் எட்டாவது படிக்கிற என் பொண்ணுக்குச் சொல்லியிருந்தேன். "எலும்பே ஓடாச்சா, ஓடு வந்து எலும்புல ஒட்டிச்சாப்பா?"ன்னு கேக்குறா. நம்ம மலையில பழைய ஆமை எலும்பு கல்லாக் கிடைக்குமா?

பதில் 1: விலங்கியல் ஆசிரியை, காட்பாடி

பாப்பா கேட்டது அறிஞர்கள் ரொம்ப நாள் சண்டை போட்ட கேள்வி. மேல் ஓடு உருவானது விலா எலும்புல இருந்துதான். தென்னாப்பிரிக்காவுல 26 கோடி வருஷப் பழைய யூனோட்டோசாரஸ்ங்கிற ஆமையோட பழைய சொந்தத்துக்கு ஓடே இல்லை, விலா மட்டும் பட்டையா இருந்துச்சு. சீனாவுல கிடைச்சு 2008ல அறிவிச்ச ஓடொன்டோகெலிஸ்ங்கிற ஆதி ஆமைக்கு வயசு 22 கோடி வருஷம். அடி ஓடு முழுசா இருக்கு, மேல வெறும் அகல விலா. வாயில பல்லும் உண்டு! ஜெர்மனியில கிடைச்ச புரோகனோகெலிஸ்ங்கிற இன்னொரு ஆதி ஆமையில ரெண்டு ஓடும் முழுசா வந்துடுச்சு.

விலா அகலமானா மூச்சு விடவும் ஓடவும் கஷ்டம். அப்புறம் ஏன் அகலமாச்சு? மண்ணைத் தோண்டும்போது உடம்பு அசையாம நிக்கத்தான்னு 2016ல ஒரு ஆய்வு சொல்லுது. அப்படின்னா பாதுகாப்பெல்லாம் பின்னாடி வந்த லாபம். எனக்கு இது ரொம்பப் பிடிச்ச விளக்கம்.

பாப்பாவோட முதுகைத் தொட்டுக் காட்டுங்க. நமக்குத் தோள்பட்டை எலும்பு விலாவுக்கு வெளிய இருக்கு. ஆமைக்கு உள்ள இருக்கு.

பதில் 2: கல் குவாரியில வேலை பார்த்தவன், ஆம்பூர்

அண்ணே, நம்ம மலையில தேட வேணாம். பூமிக்கு அடியில சூட்டுல உருவான பாறை, 200 கோடி வருஷத்துக்கும் மேல பழசு. அப்ப எலும்புள்ள உயிரே கிடையாது. அரியலூர்ப் பக்கம் பழைய கடல் படிவு இருக்கு, பாப்பாவைக் கூட்டிட்டுப் போங்க. பெரிய ஆமைன்னா வடக்கே சிவாலிக் மலைதான். அங்க கிடைச்ச தரை ஆமையோட ஓடே ரெண்டு மீட்டர் இருக்கும்.

கேட்டவர்

டீச்சரம்மா, நன்றி. என் பொண்ணு தன் தங்கச்சியோட முதுகைத் தடவிப் பார்த்துட்டு, ஓட்டுல விலாவை எண்ணினா. பக்கத்துக்கு எட்டுப் பட்டை. அரியலூருக்கு லீவுல போறோம் தம்பி. சேத்துல இன்னொரு ஆமை உயிரோட இருந்துச்சு. தொட்டியில வச்சிருந்து, கிணத்துல தண்ணி ஊறினதும் விட்டுட்டோம்.