புதுப்பிப்பு: அம்மம்மாவுக்குப் பனையோலை குடுத்துப் பாத்தம்

மறதிநோய் வந்த அம்மம்மா பின்னேரமானால் "வீட்டை போகவேணும்" எண்டு அந்தரப்படுறா, என்ன செய்யலாம் எண்டு முந்திக் கேட்டிருந்தன். பழைய சாமான்களைக் கையிலை குடுத்துக் கதை கேளுங்கோ எண்டு கனபேர் சொன்னியள்.

அல்பம் சரிவரேல்லை. மாமா "இது ஆரெண்டு சொல்லுங்கோ பாப்பம்" எண்டு சோதினை வைக்க, அவ முகத்தைத் திருப்பிப்போட்டா. சார்வோலைதான் (பெட்டி இழைக்கிற இளம் பனையோலை) வேலை செய்தது. காலமை சாப்பிட்டதே நினைவில்லாத மனுசி, ஓலையை விரலாலை நீவி, ஈர்க்கைக் கழிச்சு, நீத்துப்பெட்டிக்கு (புட்டு அவிக்கிற ஓலைப்பெட்டி) அடி தொடங்கிட்டா! புதுசாய் நடக்கிறது மனசிலை நிக்காட்டிலும், கை பழகின வேலை கனகாலம் நிக்குமாம். இழைக்கேக்கை கதையும் தன்பாட்டிலை வருது.

ஒண்டு கவனம். எங்கடை சனத்துக்குப் பழசெல்லாம் இனிப்பில்லை. 1995இலை சண்டையாலை யாழ்ப்பாணத்துச் சனம் வீடுவாசலை விட்டு வெளிக்கிட்ட இடப்பெயர்வுப் பக்கம் கதை போனால் நடுங்கத் தொடங்கிறா. அப்ப தோண்டிக் கேக்காமல் நல்லூர்த் தேர், ஒடியல் கூழ் எண்டு மெல்ல மாத்திறம்.

நோய் மாறேல்லை, மருந்தும் கிளினிக்கும் அப்பிடியே. ஓலை இருக்கிற நாளிலை பின்னேர அந்தரம் குறைவு, அவ்வளவுதான். பெட்டி கோணல், திருத்தப் போனால் எனக்குக் கையிலை அடி. யாழ்ப்பாணத்திலை வலிகாமத்துக்குள்ளை சார்வோலை மலிவா எடுக்கிற இடம் தெரிஞ்சால் சொல்லுங்கோ.